கையெழுத்துக்கு முன் கணக்கு



கார் மோதிக் காயம்பட்ட ஒருவருக்கு, மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை தர முன்வருகிறது. "இவ்வளவு தருகிறோம், இத்துடன் முடித்துக்கொள்வோம்" என்கிறது. அதற்கு அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதே இன்றைய பொருள். நம் ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. "வந்தவரை லாபம், வாங்கிப் போட்டுக்கொள்" என்பது ஒன்று. "கம்பெனிக்காரன் முதலில் சொல்வதற்கு ஒத்துக்கொள்ளாதே, இழுத்துப் பிடி" என்பது மற்றொன்று. இரண்டுமே தொகையை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. தொகைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு என்பது என் வாதம். சமரசம் செய்துகொண்டால் அது இறுதியானது. காயமோ அந்த நாளில் பெரும்பாலும் இறுதி நிலைக்கு வந்திருப்பதில்லை. ஆகவே காயம் ஒரு நிலைக்கு வந்து, அதன் கணக்கு தலைப்புவாரியாக எழுதப்படும் வரை எந்தத் தொகைக்கும் சம்மதம் சொல்லக் கூடாது. கணக்கு எழுதிய பிறகு, அதற்குப் பொருந்தி வருகிற தொகையை வீம்புக்காக மறுக்கவும் கூடாது.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சில அரசு வண்டிகள் போன்ற விலக்குகள் தவிர, பொதுச் சாலையில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டிக்காரர் ஏழையாக இருந்தாலும் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அதனால் அடிபட்டவர் கம்பெனியிடம் உதவி கேட்டு நிற்பவர் அல்லர், உரிமையைக் கேட்பவர். சட்டத்தின் 166ஆம் பிரிவின் கீழ் அவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் எம்.சி.ஓ.பி. என்று சொல்வது இந்த மனுவைத்தான். தீர்ப்பாயம் தர வேண்டியது நியாயமான இழப்பீடு என்கிறது 168ஆம் பிரிவு. மனுவில் கேட்ட தொகையைவிட நியாயமான தொகை அதிகமாக இருந்தால், அந்த அதிகத் தொகையையே தரலாம் என்று உச்ச நீதிமன்றம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பளித்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் காப்பீட்டு அத்தியாயம் 2019இல் திருத்தப்பட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய 149ஆம் பிரிவு சமரசத்துக்கென்றே எழுதப்பட்டது. விபத்துத் தகவல் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் தீர்ப்பாயத்தின் முன்னிலையில், விவரங்களோடு, 30 நாட்களுக்குள் ஒரு தொகையை முன்வைக்கலாம். காயம்பட்டவர் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும். பதிவு கிடைத்த 30 நாட்களுக்குள் கம்பெனி பணத்தைக் கட்ட வேண்டும். மறுத்தால், வழக்கை அதன் தகுதியின் அடிப்படையில் விசாரிக்கத் தீர்ப்பாயம் நாள் குறிக்கும். இதில் கவனிக்க வேண்டியது, மறுப்பதால் சட்டத்தில் எந்தத் தண்டனையும் இல்லை என்பது. "இப்போது விட்டால் இதுவும் கிடைக்காது" என்று யாராவது பயமுறுத்தினால், அதற்கு இந்தப் பிரிவில் ஆதாரம் கிடையாது.

இதோடு இணைந்த விதிகள் காவல்துறைக்கும் கெடு வைத்திருக்கின்றன. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கை, 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கை. விரிவான அறிக்கை வந்தபின் கம்பெனி ஒரு மாதத்தில் முடிவைச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால், விபத்து நடந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் ஒரு தொகை முன்னால் வந்து நிற்கும். வேகம் நல்லதுதான், பல ஆண்டுகள் இழுத்தடிக்கும் நோய்க்கு மருந்தாகவே இந்தக் கெடுக்கள் கொண்டுவரப்பட்டன. ஆனால் உடம்புக்கு இந்த நாள்காட்டி தெரியாது. தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தவருக்கு எலும்பு கூடவே பல மாதங்கள் ஆகும். கூடிய பின் முட்டி முழுதாக மடங்குமா என்பது அதற்கும் பிறகுதான் தெரியும். வைத்த தகடையோ கம்பியையோ எடுக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். மூட்டின் உட்பரப்பில் முறிவு ஏற்பட்டிருந்தால் சில ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்மானம் வரலாம். தலைக்காயமானால், ஸ்கேனில் எல்லாம் சரி என்று வந்த பிறகும் வலிப்போ மறதியோ பின்னாளில் தலைகாட்டக்கூடும். நான்காம் மாதத்தில் இவற்றில் பாதிக்கு மேல் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாதவை.

காயம் நகர்ந்துகொண்டே இருக்க, சமரசம் மட்டும் எப்படி நிலைத்து நிற்கிறது என்று பார்ப்போம். மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், முடித்துக்கொண்டால் 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயம் இறுதித் தீர்ப்பைச் சொல்லிவிட்டால், பின்னால் வரும் சிகிச்சைச் செலவுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பைத் தரச் சட்டத்தில் வழியில்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே எதிர்காலச் செலவையும் இப்போதே சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றது. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து செல்லாது என்று வாதாட இடம் உண்டுதான். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். "அப்போது இவ்வளவு வலி இருக்கவில்லை" என்பது அந்த வாதத்துக்குப் போதாது.

இன்னொரு சிக்கலை மக்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. புதிய 164ஆம் பிரிவின் கீழ், யார் தவறு என்று நிரூபிக்காமலேயே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெறலாம். எலும்பு முறிவும் சட்டத்தின் கண்ணில் கொடுங்காயமே. சிறிய முறிவோடு தப்பியவருக்கு இது விரைவான, நல்ல ஏற்பாடு. ஆனால் 149ஆம் பிரிவின் நடைமுறைப்படி இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டவரின் 166ஆம் பிரிவு மனு காலாவதியாகிவிடும் என்று சட்டமே சொல்கிறது. அவசரத்துக்கு ஒரு முன்பணம் என்று நினைத்து இரண்டரை லட்சத்தை வாங்கியவர், தமக்குத் தெரியாமலேயே பத்து லட்சத்துக்கான வழக்கை மூடிவிட்டிருப்பார். பயிர் பால் பிடிக்கும் முன்பே களத்து நெல்லுக்கு விலை பேசி முடித்தவர் நிலை இது; விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் பேசியது பேசியதுதான்.

அப்படியானால் காயத்தின் கணக்கு என்பது எது? இதற்கு உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில், நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய ஒரு தீர்ப்பில் தெளிவான வரைபடம் தந்திருக்கிறது. மருத்துவம், மருந்து, போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றுக்கு ஆன செலவு. சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம். நிரந்தர ஊனத்தால் இனி இழக்கப்போகும் வருமானம். எதிர்கால மருத்துவச் செலவு. இவை பணத்தில் அளக்கக்கூடிய இழப்புகள். வலியும் வேதனையும், வாழ்க்கையின் இயல்பான வசதிகளையும் மகிழ்ச்சிகளையும் இழத்தல், ஆயுள் குறைதல் ஆகியவை பணத்தில் அளக்க முடியாதவை என்றாலும் அவற்றுக்கும் ஒரு தொகை வைக்கப்படும். எல்லாத் தலைப்பும் எல்லோருக்கும் பொருந்தாது. சிராய்ப்பும் சிறு முறிவுமாகத் தப்பியவருக்கு முதல் இரண்டும் வலிக்கான தொகையும் போதும். நிரந்தரப் பாதிப்பு இருந்தால்தான் மற்றவை வரும். கம்பெனி ஒரு மொத்தத் தொகையைச் சொல்லும்போது, இந்தத் தலைப்புகளில் எவை அதில் இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்பதே முதல் கேள்வி.

அந்தத் தீர்ப்பு திருத்திய மிகப் பெரிய தவறு, ஊன விழுக்காடு பற்றியது. மருத்துவர் தரும் சான்றிதழில் வலது காலுக்கு 40 விழுக்காடு என்று இருக்கலாம். அது ஒரு காலின் ஊனம். முழு உடலுக்கு என்று பார்த்தால் விழுக்காடு குறையும். சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது இவ்விரண்டிலிருந்தும் வேறான மூன்றாவது எண். இழப்பீட்டுக்கு இந்த மூன்றாவது எண்ணே முக்கியம். அதை மருத்துவர் தனியாகச் சொல்லிவிட முடியாது, செய்யும் தொழிலை வைத்தே சொல்ல முடியும். ஒரு கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தம் தொழிலை முழுவதும் இழக்கலாம். அதே கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரலாம். 2020 செப்டம்பரில் வந்த ஒரு வழக்கில், தட்டச்சும் தரவுப் பதிவும் செய்துவந்த இளைஞர் ஒரு கையை இழந்திருந்தார். வருமான இழப்பு 45 விழுக்காடு என்று உயர் நீதிமன்றம் வைத்ததை உச்ச நீதிமன்றம் 65 என்று உயர்த்தியது. இந்த எண்ணை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் சமரசத் தொகையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 34 வயதுத் தையல்காரர் ஒருவர், மாத வருமானம் 15,000 ரூபாய், கால் முறிவால் சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு ஏற்ப ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பதற்கு 2009இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அட்டவணை வகுத்தது. 31 முதல் 35 வயதுக்கு அது 16. சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழ் இருந்தால், வருங்கால உயர்வுக்காக வருமானத்தோடு 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்றது 2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கில் வந்த அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. நிரந்தர ஊனமடைந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று நான் முன்பு சொன்ன 2020 தீர்ப்பு உறுதி செய்தது. ஆக 15,000 என்பது 21,000 ஆகிறது. ஆண்டுக்கு 2,52,000, அதை 16ஆல் பெருக்கினால் 40,32,000, அதில் 20 விழுக்காடு 8,06,400 ரூபாய். காயம்பட்டவர் உயிரோடு இருப்பதால், மரண வழக்குகளில் செய்வது போல அவருடைய சொந்தச் செலவுக்கென்று இதில் கழிப்பதில்லை. ஆறு மாதம் வேலைக்குப் போகாததற்கு 90,000, மருத்துவச் செலவு 1,20,000, தகடு எடுக்க 40,000, வலிக்கும் வசதி இழப்புக்குமாக ஒரு லட்சம் என்று சேர்த்தால் மொத்தம் 11,56,400.

இதே மனிதருக்குக் கம்பெனியின் மேசையில் வேறொரு கணக்கு இருக்கலாம். வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, ஆகவே 10,000. ஊனம் 10 விழுக்காடு. வருங்கால உயர்வு இல்லை. அதே 16ஆல் பெருக்கினால் 1,92,000. மூன்று மாத வருமானம் 30,000, மருத்துவம் 1,20,000, வலிக்கு 40,000. மொத்தம் 3,82,000. இந்தத் தாளில் பொய்யான வரி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும். ஆனால் பல எண்கள் கீழிறங்கியதில் மொத்தம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இதற்கும் கீழே ஒரு படி உண்டு. தொழில் பாதிக்கப்பட்டதாக நிரூபிக்கப்படாத வழக்குகளில், தமிழ்நாட்டில் ஒரு விழுக்காடு ஊனத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் என்று பெருக்கித் தருகிற வழக்கம் இருக்கிறது. விழுக்காட்டுக்கு 5,000 என்று வைத்தாலும் 20 விழுக்காட்டுக்கு ஒரு லட்சம்தான். எட்டு லட்சமும் ஒரு லட்சமும் ஒரே காலுக்கான இரண்டு விலைகள். எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்று கேட்காமல் தொகை பெரிதா சிறிதா என்று பேசுவதில் பொருளில்லை.

ஆகவே ஆதாரம் தேடுவதே பதில் எழுதுவதன் பெரும்பகுதி. எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில்கள் ஆகியவை காயத்துக்கு. வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகள், வங்கிக் கணக்கு, இப்போது யு.பி.ஐ. வரவுகளும். ஒன்றுமே இல்லாதவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 2008இல் விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியிடம் ரசீது கேட்பது நியாயமல்ல என்ற நோக்கில், மாதம் 6,500 ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றமே வருமானத்தை நிர்ணயித்தது. ஊனச் சான்றிதழில் மட்டும் எச்சரிக்கை தேவை. சிகிச்சை செய்யாத மருத்துவர் வழக்குக்கென்றே எழுதித் தரும் தயார்ச் சான்றிதழ்களைத் தீர்ப்பாயங்கள் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று 2010 தீர்ப்பே சொல்கிறது. சிகிச்சை செய்த மருத்துவரோ மருத்துவக் குழுவோ, காயம் ஒரு நிலைக்கு வந்த பிறகு தருவதே நிற்கும்.

கம்பெனி கழிக்கிற கழிவுகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். "உங்கள் மேலும் தவறு இருக்கிறது, 25 விழுக்காடு கழிக்கிறோம்" என்றால், எந்தச் செயலுக்காக என்று கேட்க வேண்டும். சாலையின் தவறான பக்கத்தில் வந்திருந்தால் கழிவு நியாயம். ஆனால் ஒரு விதியை மீறியது மட்டும் போதாது, அந்த மீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாகியிருக்க வேண்டும் என்று மோட்டார் சைக்கிளில் மூவர் சென்ற ஒரு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலைக்கவசம் போடாதவருக்குக் கால் முறிந்தால், அந்த முறிவுக்கும் தலைக்கவசத்துக்கும் தொடர்பு இல்லை. எதிர்த்திசையிலும் இதே நேர்மை வேண்டும். தனிப்பட்ட காரில் பயணியாக இருந்து காயம்பட்டவர், அந்தக் காருக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், அந்தக் கம்பெனியிடமிருந்து பெறுவது கடினம்; முழுமையான பாலிசியாக இருந்தால் பெறலாம். இப்படிப்பட்ட உண்மையான பலவீனம் தம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால், கணக்கிட்ட தொகையை அவரே குறைத்துப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் கையில் இருந்தால் பதில் கடிதம் சுருக்கமாகவே அமையும். தொகை எப்படி வந்தது என்று தலைப்புவாரியாகக் கேட்பது. தம் கணக்கை ஆதாரங்களின் நகலோடு வைப்பது. சிகிச்சை முடியவில்லை என்றால் அதையும், எப்போது முடியும் என்று மருத்துவர் சொல்கிறார் என்பதையும் குறிப்பது. உரிமைக்குக் குந்தகமின்றி எழுதுவதாகச் சொல்வது. தொலைபேசியில் "இப்போது பரவாயில்லை" என்று சொல்வதும், நிரப்பப்படாத வவுச்சரில் கையெழுத்துப் போடுவதும், அசல் ஆவணங்களைத் தந்துவிடுவதும் தவிர்க்க வேண்டியவை. காயம்பட்டவர் சிறுவரானால் பெற்றோர் மட்டும் ஒப்புக்கொண்டு முடித்துவிட முடியாது; நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

இனி இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுக்கு வருகிறேன். முதலாவதும் வலுவானதும் காலம். "காத்திரு என்று சொல்வது எளிது, வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியின் கூர்மையைக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. ஹரியானாவில் 2007இல் நடந்த விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு முற்றிலும் செயலிழந்த 12 வயதுச் சிறுமிக்குத் தீர்ப்பாயம் சுமார் 11 லட்சம் தந்தது. உயர் நீதிமன்றம் 25 லட்சத்துக்கு மேல் தந்தது. உச்ச நீதிமன்றம் 2020இல் 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. வாழ்நாள் முழுதும் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கான செலவைச் சரியாகப் பெருக்கியதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம். கணக்கின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இடையில் 13 ஆண்டுகள் போய்விட்டன என்பதையும் மறைக்க முடியாது. 171ஆம் பிரிவின் கீழ் வட்டி உண்டு; நம் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 விழுக்காடு தருகின்றன. வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிய குடும்பம் ஆண்டுக்கு 36 விழுக்காடு கட்டுகிறது. இந்த இடைவெளியை எந்தத் தீர்ப்பும் ஈடுகட்டாது.

இதற்கு என் பதில் இரண்டு பகுதியானது. ஒன்று, காத்திருப்பதும் வழக்குப் போடாமல் இருப்பதும் ஒன்றல்ல. 166ஆம் பிரிவின் புதிய உட்பிரிவு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போடச் சொல்கிறது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டிருந்தாலும், அதை நம்பிச் சும்மா இருப்பது ஆபத்து. வட்டியும் மனுப் போட்ட நாளுக்கு முன்னால் தொடங்காது. ஆகவே மனுவைச் சீக்கிரம் போட வேண்டும், முடிப்பதை மட்டும் காயம் நிலைக்கு வரும் வரை தள்ள வேண்டும். முதல் கட்டச் சிகிச்சைச் செலவுக்கு இப்போது வேறு ஏற்பாடுகள் உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கிறது. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுத் திட்டம் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. இரண்டாவது, காலத்தின் விலையையும் கணக்கில் ஒரு வரியாக எழுத வேண்டும். 11 லட்சத்து 56 ஆயிரம் என்று கணக்கு வந்தவருக்கு, வட்டிக் கடனையும் வழக்கின் நிச்சயமின்மையையும் எண்ணி, இன்றே கையில் வரும் ஒன்பது லட்சம் நல்ல சமரசமாக இருக்கலாம். மூன்று லட்சத்து 82 ஆயிரம் அப்படி இருக்க முடியாது. கணக்கு இல்லாதவருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே அவருக்குப் பெரிய தொகைதான்.

இரண்டாவது எதிர்ப்பு, கம்பெனியின் பக்கத்திலிருந்து வருவது. "போலிக் கிளெய்ம்கள் பெருகிவிட்டன, எல்லோரும் இழுத்துப் பிடித்தால் பிரீமியம் கட்டும் பொதுமக்கள் தலையில்தான் விடியும்" என்கிறார்கள். போலிகள் இருப்பது உண்மை. உத்தரப் பிரதேசத்தில் இதை விசாரிக்க 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கவே உத்தரவிட்டது. ஆனால் போலிக்கு எதிரான நல்ல காப்பு தலைப்புவாரிக் கணக்குத்தான். மொத்தத் தொகைப் பேரத்தில் பொய்க் காயமும் மெய்க் காயமும் ஒரே மாதிரி தெரியும். மருத்துவமனைப் பதிவேட்டோடும் பில்லோடும் ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்க்கும்போது பொய் நிற்காது. எல்லோர் தொகையையும் சற்றுக் குறைத்துத் தருவதால் போலிக்காரருக்கு நட்டம் இல்லை, அவருக்கு அதுவும் லாபம். நட்டம் உண்மையாக அடிபட்டவருக்கு மட்டுமே. பிரீமியம் என்பதும் இந்த இழப்பீட்டைக் கொடுப்பதற்காகவே வசூலிக்கப்படுவது.

மூன்றாவது எதிர்ப்பு, இந்தக் கணக்கைச் சாதாரண மனிதர் போட முடியுமா என்பது. வக்கீலிடம் போனால் தொகையில் ஒரு பங்கு போய்விடும் என்ற பயமும் சேர்ந்தே வருகிறது. இழப்பீட்டில் பங்கு கேட்பதும், வெற்றி பெற்றால் இவ்வளவு என்று கட்டணம் பேசுவதும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளில் தடை செய்யப்பட்டவை. அந்தத் தடை மீறப்படுவதுண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. மீறலைக் கேள்வி கேட்கும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் முதலானோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும். கணக்கும் நான் மேலே போட்டதைவிடக் கடினமானதல்ல: வருமானம், விழுக்காடு, பெருக்கும் எண், மூன்றுக்கும் ஆதாரம். பள்ளிக்கூடத்துக் கணக்கு தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

மக்கள் நீதிமன்றத்துக்கு நான் எதிரி அல்லன். மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் பணம் சீக்கிரம் கைக்கு வருவது பெரிய நன்மை. ஆனால் அங்கே அமர்ந்திருப்பவர்கள் வழக்கைத் தீர்ப்பளிப்பவர்கள் அல்லர், இரு தரப்பும் ஒப்புக்கொண்டதைப் பதிவு செய்பவர்களே என்று 2008இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அந்த வழக்கும் ஒரு விபத்து இழப்பீடு பற்றியதே. அதன் விளைவு என்ன? தீர்ப்பாயத்தில் நியாயமான தொகையைக் கணக்கிட நீதிபதிக்குக் கடமை உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் அந்தக் கடமை காயம்பட்டவரையே சேர்கிறது. கணக்கோடு போனவருக்கு அது நீதி கிடைக்கும் இடம். கணக்கில்லாமல் போனவருக்கு அது வெறும் பேரம் நடக்கும் இடம்.

ஆகவே தனிமனிதருக்குச் சொன்னதோடு நிறுத்தாமல், அமைப்புக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி முன்வைக்கும் எந்தத் தொகையும் எழுத்தில், தலைப்புவாரியாக, எடுத்துக்கொண்ட வருமானம், விழுக்காடு, பெருக்கும் எண், கழிவு, அதன் காரணம் ஆகியவற்றோடு, தமிழில் வர வேண்டும். விவரங்களோடு முன்வைக்க வேண்டும் என்று 149ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதை மெய்யாக நடைமுறைப்படுத்தினாலே போதும். சமரசத்தைப் பதிவு செய்யுமுன் தீர்ப்பாயமும் மக்கள் நீதிமன்றமும் காயம்பட்டவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு, அவர் பதிலையும் பதிவு செய்ய வேண்டும்: சிகிச்சை முடிந்துவிட்டதா? இனி இழக்கப்போகும் வருமானத்தைக் கணக்கிட்டுப் பார்த்தீர்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தவர் எந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டாலும் அது அவர் அறிந்து எடுத்த முடிவு. சொல்ல முடியாதவரின் கையெழுத்தை அன்று வாங்காமல் இன்னொரு நாள் குறிப்பதால் எந்தக் கம்பெனியும் நொடித்துப்போகாது.